பாஸும் பிணையும்

வியாழக்கிழமை குகதாசனின் நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள். பிரான்சில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். இருதயத்துக்குப் போகும் குழாய்களில் மூன்று அடைத்துவிட்டனவாம். சனிக்கிழமை காலை குரல் செய்தியில் அதைச் சொல்லி முடித்த பிறகு, அவன் கொஞ்சம் இருமிவிட்டு இன்னொன்றும் சொன்னான்.

"புதன்கிழமை உங்கட நேரம் பின்னேரம் நாலரைக்கு எடுப்பன் அக்கா. இந்தமுறை முகத்தைக் காட்டுங்கோ. தவராசா அண்ணையின்ர கதையும் கதைக்கோணும். அதை மனசில வைச்சுக்கொண்டு என்னால அந்தக் கட்டில்ல போய்ப் படுக்கேலாது."

அமராவதி அதை மூன்றுதரம் கேட்டாள். மூன்றாம்தரம் கேட்கும்போது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

தம்பி வெளிநாடு போய்ப் பதினேழு வருடம். போனில் முகம் பார்த்துக் கதைக்கிற வசதி வந்தும் எத்தனையோ வருடம். ஆனால் அவள் ஒருநாளும் அவனுக்கு முகம் காட்டியதில்லை. கமரா பழுது என்பாள். வெளிச்சம் காணாது என்பாள். இன்னும் குளிக்கவில்லை என்பாள். உண்மை வேறு. பொய் சொல்லும்போது அமராவதியின் மேலுதடு ஒரு பக்கமாக இழுபடும். அது அவளுக்குத் தெரியாமல் நடக்கும் காரியம். கண்டுபிடித்தவன் தம்பிதான், அவனுக்கு ஏழு வயதாக இருக்கும்போது. வாயால் அவனிடம் எதையும் சொல்லிவிடலாம். முகத்தால் முடியாது.

அவளிடம் ஒரு பொய் இருந்தது. பதினான்கு வருடப் பொய். புதன்கிழமைக்குள் அதைச் சொல்வதா, அப்படியே விடுவதா என்று தீர்மானிக்க அவளுக்கு நாலு நாள் இருந்தது.

அன்று மத்தியானமே இடி விழுந்தது. சித்திரை மாதத்து இடிக்கு மழை தேவையில்லை. வட்டக்கச்சி வாய்க்கால் பக்கமாக வானம் கறுத்தது, ஒரு வெளிச்சம், பிறகு காதடைக்கிற சத்தம். வீட்டுக்குள்ளே ரவுட்டரின் விளக்குகளில் ஒன்று அணைந்துபோனது. டெலிபோன் கம்பி வழியாக இணையம் அந்தப் பெட்டிவரை வந்தது. பெட்டியிலிருந்து காற்றில் போகவேண்டியது போகவில்லை. டெலிபோன் கொம்பனிக்கு அறிவித்தபோது, ஆள் வரப் பத்து நாள் செல்லும் என்றார்கள். கைத்தொலைபேசிச் சிக்னலை நம்ப முடியாது. வாய்க்கால் கட்டின் மேல் ஏறி நின்றால் இரண்டு கோடு காட்டும். அதில் "ஹலோ, கேக்குதோ" என்பதற்கு மேல் ஒன்றும் கதைக்கேலாது.

புதன்கிழமைக்கு நாலு நாள். ஆள் வரப் பத்து நாள். இணைப்பு இல்லையென்றால் சொல்லவும் வேண்டாம், முகம் காட்டவும் வேண்டாம். ஒரு கணம் மனசு லேசானது. அந்த லேசை நினைத்து அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

லைன் இல்லையென்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை அமராவதி. சமாதான காலத்தில் கிளிநொச்சிச் சந்தியில் தவராசா ஒரு கொமினிக்கேசன் கடை வைத்திருந்தார். போன், போட்டோப் பிரதி, ஃபாக்ஸ் எல்லாம் அங்கேதான். அதில் அவள் நாலு வருடம் வேலை செய்தவள். சுவிசிலிருந்தோ கனடாவிலிருந்தோ யாராவது எடுத்து, "உருத்திரபுரம் இலட்சுமியைக் கூப்பிடுங்கோ, பதினொரு மணிக்குத் திரும்ப எடுக்கிறன்" என்பார்கள். அமராவதி துண்டு எழுதி, அந்தப் பக்கம் போகும் பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுவாள். பதினொரு மணிக்கு இலட்சுமி மூச்சு வாங்க வந்து நிற்பாள். கண்ணாடிக் கூட்டுக்குள் ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்துவது அமராவதியின் வேலை. வெளியே இருந்து அவள் ஒன்று பழகினாள். ஆட்கள் கதைப்பதைவிடக் கதைக்காமல் இருப்பதுதான் அதிகம். அந்த மௌனத்தில் கூட்டுக்குள் இருப்பவர் கையை அசைத்து, "அறுந்திட்டுது போல" என்பார். அமராவதி றிசீவரை வாங்கிக் காதில் வைத்துப் பார்ப்பாள். அறுந்த லைனின் மௌனம் வேறு, ஆள் நிற்கிற மௌனம் வேறு. ஆள் நின்றால் மூச்சு இருக்கும். "இருக்கிறார், நீங்கள் கதையுங்கோ" என்று திருப்பிக் கொடுப்பாள்.

இப்போது வீட்டுத்திட்டத்தில் கிடைத்த இரண்டறை வீட்டில் தனியே இருக்கிறாள். முன்விறாந்தையில் ஒரு மேசை, ஒரு கதிரை, தம்பி அனுப்பிய லப்டொப், கம்பியில்லாமல் வேலை செய்யும் ஒரு பிறிண்டர். ஊராருக்குக் காணிக் கடிதம், பிறப்புப் பதிவுத் திருத்தம், பள்ளிக்கூடத்துச் சோதனைத்தாள் எல்லாம் தட்டச்சுச் செய்து கொடுப்பாள். ஐம்பத்துநாலு வயது. கலியாணம் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த மேசையில் குந்தியிருந்தாள். ரவுட்டரின் பின்பக்கத்தில் கம்பி குத்தும் துளை இன்னும் உயிரோடு இருந்தது. அலுமாரிக்கு அடியில் கிடந்த நீலக் கம்பியைத் தூசு தட்டிக் குத்தினாள். லப்டொப்புக்கு லைன் வந்தது. ஆனால் தம்பி எடுப்பது போனுக்கு. போனுக்குக் கம்பி குத்த இடமில்லை. லப்டொப்பின் அமைப்புகளை ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தபோது, இதுவரை தொடாத ஒரு பக்கத்தில் அது இருந்தது. தனக்கு வருகிற லைனைத் தன்னைச் சுற்றியிருக்கிற மற்றவற்றுக்கும் லப்டொப் பகிர்ந்து கொடுக்குமாம். ஹொட்ஸ்பொட் என்று பெயர்.

பெயர் கேட்டது. "அமரா" என்று கொடுத்தாள். பிறகு கடவுச்சொல் கேட்டது, எட்டு எழுத்துக்குக் குறையக்கூடாது என்றது. அதிகம் யோசிக்காமல் எட்டு இலக்கம் தட்டினாள். தட்டி முடிந்த பிறகுதான் எதைத் தட்டினாள் என்று பார்த்தாள். அழிக்கவில்லை. அப்படியே விட்டாள்.

போன் அதைக் காணவில்லை. இரண்டு மணித்தியாலம் மல்லுக்கட்டின பிறகு விளங்கிற்று: லப்டொப் புது அலைவரிசையில் கூப்பிட்டுக்கொண்டிருந்தது, பழைய போனுக்கு அந்தக் காது இல்லை. பழைய அலைவரிசைக்கு மாற்றினாள். போன் உடனே "அமரா" என்றது. பிறிண்டரின் பொத்தானை அது கண்சிமிட்டும்வரை அமர்த்திப் பிடித்தாள். அதுவும் வந்து சேர்ந்தது.

அப்போதுதான் வேலிக்கு அங்கால் இருந்து மீனம்மாவின் குரல் கேட்டது.

"அமரா, ஏன் போன்ல ஒன்னுமே வரல? பிரேமிளா நாலு தரம் அடிச்சிருக்கும்."

மீனம்மாவும் புருசன் நல்லதம்பியும் எண்பத்துமூன்று கலவரத்தோடு மலைநாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். மகள் பிரேமிளா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். முருங்கை மரத்தடியில் வேலியை ஒட்டி நின்றால் அமராவதி வீட்டு வைஃபை பிடிக்கும். அந்த மரத்தடிதான் பிரேமிளாவின் வருகைத் தலம்.

"இடி விழுந்திட்டுதக்கா. வேற ஒண்டு போட்டிருக்கிறன். 'அமரா' எண்டு பேர் வரும், தட்டுங்கோ."

"ஒம் பேரு வருது. தட்டிட்டேன். இது பாஸ் கேக்குதே."

அமராவதியின் கை ஒருகணம் மேசையில் நின்றது. கடவுச்சொல்லைத்தான் சொல்கிறாள். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அமராவதியும் அப்படித்தான் சொல்வாள். இன்றைக்குத்தான் அந்தச் சொல் காதில் விழுந்து உள்ளே போனது.

"ஓமந்தைச் சாவடியில கேட்ட மாதிரியே கேக்குதடி" என்று மீனம்மா சிரித்தாள்.

"எழுதுங்கோ. ஒண்டு, ரெண்டு, சைபர், ஆறு. ரெண்டு, சைபர், சைபர், ஏழு."

"யாரு பொறந்த நாளு இது?"

"ஆற்றையும் இல்லை."

"அப்ப செத்த நாளா?"

"அதுவும் இல்லையக்கா. போன நாள்."

மீனம்மா மேலே கேட்கவில்லை. வன்னியில் அப்படி ஒரு நாளை வைத்திருக்காத வீடு குறைவு.

பாஸ் என்பது போர்க்காலத்தில், வன்னியைக் கையில் வைத்திருந்த இயக்கம் கொடுத்த ஒரு துண்டுக் கடதாசி. வன்னியை விட்டு வெளியே போவதென்றால் அது கையில் இருக்கவேண்டும். அடையாள அட்டை, கிராம சேவகர் கடிதம், போகும் காரணம் எல்லாம் காட்டின பிறகும் ஒன்று மிச்சம் இருக்கும். போகிறவர் குறித்த நாளில் திரும்பி வருவார் என்று இன்னொருவர் கையெழுத்து வைக்கவேண்டும். அவர்தான் பிணை. போனவர் வராவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்லவேண்டும். போனவர் வரும்வரை பிணை நின்றவருக்குப் பாஸ் இல்லை.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஜூன் பன்னிரண்டாம் திகதி, கண் வருத்தத்துக்கு வவுனியா ஆஸ்பத்திரியில் காட்டவென்று குகதாசனுக்குப் பதினைந்து நாள் பாஸ் கிடைத்தது. அவன் வருவதற்காகப் போகவில்லை. அவனுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். பிணை நிற்க ஒத்துக்கொண்டவர் கடைக்கார தவராசா. முதல்நாள் இரவுச் சாப்பாட்டில் குகதாசனின் முன்னாலேயே, "நான் நிக்கிறன், நீ போ" என்றார். மனம் வைத்துத்தான் சொன்னார்.

விடிய, பாஸ் கொடுக்கும் கந்தோர் வாசலில் அவர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு கால் நிலத்திலும் ஒரு கால் மிதியிலுமாக நின்றார்.

"அமரா, மனுசி ராஜினி விடிய விடிய அழுதவள். ரெண்டு குமர்ப்பிள்ளையள் வீட்டில."

"விளங்குதண்ணை. நீங்கள் போங்கோ."

"அப்ப ஆர் வைக்கிறது?"

"நான் வைக்கிறன். அவனுக்குச் சொல்லாதேங்கோ. சொன்னால் போகமாட்டான்."

"உனக்கு யோகநாதனிட்டப் போறதுக்குப் பாஸ் வேணுமே."

"அது பிறகு பாப்பம்."

யோகநாதன் அவளுக்குப் பேசி வைத்திருந்தவர். வவுனியாவில் ஒரு அரிசி ஆலையில் கணக்கப்பிள்ளை. ஆவணியில் கலியாணம் என்று நாள் பார்த்திருந்தது.

உள்ளே வரிசையில் நின்ற குகதாசன் பிணைத் தாளைக் காணவில்லை, பாஸை மட்டும்தான் கண்டான். பஸ் ஏறும்போது, "தவராசா அண்ணைக்கு நன்றி சொல்லுங்கோ அக்கா" என்றான். "சொல்லுறன்" என்றாள். மேலுதடு இழுபட்டிருக்கும். அவன் ஏற்கெனவே திரும்பிவிட்டான்.

பதினைந்து நாள் போனது. பதினாறாம் நாள் இயக்கத்து ஆட்கள் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போர் எல்லையில் ஆறு மாதம் பதுங்குகுழி வெட்டினாள். யோகநாதன் ஒன்றரை வருடம் வவுனியாவில் காத்திருந்தார் என்று பிறகு அறிந்தாள். ஒன்றரை வருடம் குறைவில்லை. அவரைக் குறை சொல்ல அவளுக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை. தவராசா போரின் கடைசிக் காலத்தில் மாத்தளன் மணலில் ஷெல் பட்டுச் செத்தார். அந்த நேரத்தில் பிணை நின்றவர், நிற்காதவர் என்று வித்தியாசம் இருக்கவில்லை. ஒருவராலும் வெளியே போக முடியாதிருந்தது.

போர் முடிந்து அகதி முகாமிலிருந்து வெளியே வந்து முதல்முதல் தம்பியோடு கதைத்தபோது அவனே முந்திக்கொண்டான். "தவராசா அண்ணை என்னாலதான் அங்க மாட்டுப்பட்டவர். எனக்கு வைச்ச கையெழுத்துத்தான் அவரை மறிச்சது." அவனுடைய அகதி வழக்கு அப்போது தள்ளுபடியாகியிருந்தது. நித்திரைக் குளிசையை எண்ணி வைத்திருப்பதாக வேறு சொன்னான். அமராவதி வாயைத் திறந்து, மூடினாள். செத்த மனுசன், அவருக்கு இனி நோகாது. உயிரோடிருக்கிற என்னைச் சுமந்தால் இவன் உடைந்துபோவான் என்று கணக்குப் போட்டாள். "என்ன செய்யிறது தம்பி, காலம்" என்றாள். அதுதான் அந்தப் பொய். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் தவராசாவின் திவசத்தன்று அவன் எடுத்து அழுவான். அவள் "காலம்" என்பாள்.

திங்கட்கிழமை பின்னேரம் வேலை முடிந்ததும் பழக்கதோசத்தில் லப்டொப்பை மூடி, மேலே துணியைப் போட்டாள். மறுநிமிசம் முருங்கையடியிலிருந்து மீனம்மாவின் அலறல்.

"ஐயோ, பிள்ளை வாயத் தெறந்தபடி நின்னுட்டா."

மூடினால் அது தூங்கிவிடும். அது தூங்கினால் எல்லோருக்கும் அறும். சும்மா விட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானே தூங்கப்போய்விடும். அன்றிலிருந்து அமராவதி அதை மூடுவதில்லை. இடைக்கிடை வந்து மௌஸை ஒருதரம் அசைத்துவிட்டுப் போவாள்.

செவ்வாய்க்கிழமை காலை படலையில் நல்லதம்பி நின்றார். ஸ்திரி போட்ட வெள்ளைச் சேர்ட், பொங்கலுக்குக் கட்டும் சாரம், கக்கத்தில் பிளாஸ்டிக் பைல். அறுபத்தாறு வயது, வலது காது கேளாது. இதுவரை போனைத் தொடாத மனுசன். போன கிழமைதான் பிரேமிளா தகப்பனுக்கென்று தனியாக ஒன்று அனுப்பியிருந்தாள்.

"தங்கச்சி, இன்னிக்குக் குடுக்குறீங்களா?"

"என்னத்தை அண்ணை?"

"பாஸு."

அமராவதி விறாந்தையில் நின்றபடி அவரையும் பைலையும் பார்த்தாள்.

"அடையாள அட்டை இருக்கு, ஒரிஜினல். கிராம சேவகர் கடுதாசி போன வருசத்தது, செல்லுமான்னு தெரியல. போட்டோ ரெண்டு. ஒன்னுல மீசை இருக்கு."

"ஆர் அண்ணை இதெல்லாம் கொண்டு வரச் சொன்னது?"

"மீனம்மாதான். அமராகிட்டப் போயி பாஸ் வாங்கிட்டு வாங்க, அப்பத்தான் போன்ல பிள்ளை மூஞ்சி தெரியும்னு சொன்னுச்சு. தட்டுப்பாட்டு நேரம் பெற்றோலுக்கே பாஸ் கேட்டாங்க, போனுக்குக் கேக்க மாட்டாங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயெடுக்கையில் அவர் குரலைத் தாழ்த்தி, காதுக்குள் சொல்வதுபோலச் சொன்னார்.

"பிணைக்கு மீனம்மாவப் போட்டுக்கங்க. அவ எங்கயும் போக மாட்டா."

சிரிப்பு எங்கோ போய்விட்டது. அமராவதி படலையைத் திறந்தாள். அவரைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, அவருடைய நல்ல காதுப் பக்கமாக நின்று விளங்கப்படுத்தினாள். கம்பியால் வருகிற லைனை இந்த லப்டொப் வாங்கிச் சுற்றிவர இருக்கிற எல்லாவற்றுக்கும் கொடுக்கிறது. உங்களுடைய போன், மீனம்மாக்காவின் போன், என்னுடைய போன், அந்தப் பிறிண்டர். பாஸ் என்பது வெறும் எட்டு இலக்கம். கடிதம், படம் ஒன்றும் வேண்டாம்.

"எத்தனை பேருக்குக் குடுக்கும்?"

"எட்டுப் பேருக்கு."

"ஒம்பதாவது ஆளு?"

"வெளியில நிக்கவேண்டியதுதான்."

"எப்பவும் ஒருத்தன் வெளியிலதான்" என்றார் நல்லதம்பி, தேத்தண்ணியை ஊதியபடி. "இத மூடிட்டா?"

"எல்லாருக்கும் அறும். தூக்கிக்கொண்டு போகவும் ஏலாது. கம்பி மட்டும்தானே எட்டும். இந்த மேசையிலதான் கிடக்கவேணும்."

அவர் லப்டொப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இந்தப் பெட்டிதான் பிணை. மத்தவங்க போயிட்டு வர, இது இங்கேயே முழிச்சிக்கிட்டுக் கெடக்கணும்."

அமராவதி அவருடைய போனை வாங்கி இலக்கங்களைத் தட்டத் தொடங்கினாள். இரண்டுதரம் பிழைத்தது.

"நானும் நின்னிருக்கேன், மச்சானுக்கு" என்றார் அவர். "பதினைஞ்சு நாளும் கண்ண மூடல. வந்துட்டாரு. வந்தப்புறம்தான் சொன்னேன், நிக்கிறேன்னு சொன்ன ஆளு வரல, நான்தான் நின்னேன்னு."

"அவர் என்ன சொன்னவர்?"

"கோவிச்சுக்கிட்டாரு. ரெண்டு மாசம் பேச்சு இல்ல." தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்புறம் பேசினாரு. வேற யாருகிட்ட பேசுறது?"

போன் இணைந்தது. அவருக்குப் பார்க்கத் தெரியட்டும் என்று லப்டொப் திரையின் ஒரு மூலையைக் காட்டினாள். எத்தனை பேர் இணைந்திருக்கிறார்கள் என்று அங்கே ஓர் இலக்கம் இருந்தது. மூன்று என்றிருந்தது நாலாக மாறியது. அந்த நாலில் தன்னுடையதும் ஒன்று என்பதை அறிந்து அவர் பைலைத் திரும்பக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை நாலு மணிக்கு மீனம்மா யாரும் கேட்காமலேயே தன்னுடைய போனையும் நிற்பாட்டி, "அமராவோட தம்பி எடுக்கப் போறாரு, லைன விட்டுக் குடுக்கணும்" என்று பிறிண்டரையும் நிற்பாட்டச் சொல்லி வேலியால் கத்தினாள். நல்லதம்பி வந்து லப்டொப்புக்கு முன்னால் கதிரையைப் போட்டு, முழங்காலில் கைகளை வைத்து இருந்தார். "யாரும் மூடமாட்டாங்க, நீங்க பேசுங்க." அமராவதி விறாந்தைத் தூணோடு சாய்ந்து நின்றாள். நாலு முப்பத்திரண்டுக்குப் போன் அடித்தது.

"அக்கா, கேக்குதோ?"

"கேக்குது. சாப்பிட்டியோ?"

"இண்டைக்கு இரவோட நிப்பாட்டிப் போடுவினம். சிவதர்சினி இப்பதான் கோப்பி எடுக்கப் போனவள். எனக்கில்லை, தனக்கு." சிரிக்கப் பார்த்தான், மூச்சு வாங்கியது. "உங்கட கமரா இன்னும் நிப்பாட்டித்தான் இருக்கு."

"போடுறன். முதல்ல நீ சொல்ல வந்ததைச் சொல்லு."

ஒருதரம் இருமினான்.

"நாளைக்கு எனக்கு ஏதும் எண்டால், நீங்கள் ராஜினி அக்காவிட்டப் போகோணும். போய் என்ர பேரால மன்னிப்புக் கேக்கோணும். எனக்குப் பிணை நிண்டதாலதான் தவராசா அண்ணை வெளிக்கிட ஏலாமல் போனவர் எண்டு. இவ்வளவு காலமும் நான் அவாக்கு ஒரு போன் எடுக்கேல்லை. பயம் அக்கா."

அமராவதி தூணைப் பிடித்தாள். தவராசாவின் மனைவி ராஜினிக்கு உண்மை தெரியும். இந்த ஊரில் அதைத் தெரிந்த இன்னொரு உயிர் அவள்தான். அவள் முன்னால் போய் நின்று, அவளுடைய செத்த புருசனின் தலையில் வைத்த பொய்க்கு மன்னிப்புக் கேட்கவேண்டும்.

"அதைக் கேக்க நான் போகமாட்டன் தம்பி."

"ஏன்?"

"தவராசா அண்ணை கையெழுத்து வைக்கேல்லை. அண்டைக்குக் காலமை கந்தோர் வாசல்லயே திரும்பிப் போட்டார். பிணை நிண்டது நான்."

மௌனம்.

பழைய றிசீவர் என்றால் மூச்சுக் கேட்டிருக்கும். இந்தப் போன்கள் அப்படியில்லை. பேச்சு இல்லாத இடத்தை அவை துடைத்து வெறுமையாக்கிவிடும். அறுந்த மௌனமா, ஆள் நிற்கிற மௌனமா என்று அமராவதியின் காதுக்குப் பிடிபடவில்லை. அவள் வாழ்நாளில் நம்பியிருந்த ஒரே வித்தை அது. போனைக் காதிலிருந்து எடுத்து நல்லதம்பியைப் பார்த்தாள்.

அவர் குனிந்து திரையின் மூலையில் இலக்கத்தைப் பார்த்தார். மௌஸை ஒருதரம் அசைத்தார். திரும்பவும் பார்த்தார்.

"லைன் இருக்குது தங்கச்சி. பெட்டி முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கு. அவருதான் பேசல."

அவள் போனைத் திரும்பக் காதில் வைத்தாள். காத்திருந்தாள்.

"யோகநாதன் அண்ணை" என்றான் குகதாசன் கடைசியில். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. "அதாலயோ அந்தக் கலியாணம் நிண்டது?"

"அதாலயும்தான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அண்டைக்குச் சொன்னால் நீ போயிருக்கமாட்டாய். முகாமால வந்து சொன்னால் நீ அந்தக் குளிசையளைப் போட்டிருப்பாய். பிறகு சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. செத்த மனுசனில போட்டு வைச்சிட்டு நான் சும்மா இருந்தனான். அது என்ர பிழை, உன்ர இல்லை."

"நாளைக்கு நெஞ்சை வெட்டப் போறாங்கள். இண்டைக்குச் சொல்லுறீங்கள்."

"ஓம்."

"நான் என்ன செய்ய இதை வைச்சுக்கொண்டு?"

"எனக்குத் தெரியாதடா. ஏசு. வந்து ஏசு."

மறுபடி மௌனம். இந்தமுறை அவள் நல்லதம்பியைப் பார்க்கவில்லை.

"கமராவைப் போடுங்கோ" என்றான்.

முதல்தரம் வேறெதையோ தட்டினாள். இரண்டாம்தரம் திரை வெளித்தது. வெள்ளைத் தலையணை, நாலு நாள் தாடி, உள்ளே போன கண்கள். தம்பிக்கு நாற்பத்தைந்து வயது. திரையில் அறுபது வயது மனுசன் ஒருவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூலையில் சின்னதாக அவளுடைய முகமும் இருந்தது, நரைத்த முன்மயிரோடு. அவன் அவளுடைய கண்ணைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே பார்த்தான்.

"திருப்பிச் சொல்லுங்கோ. பிணை நிண்டது ஆர்?"

"நான்தான்."

மேலுதடு அசையவில்லை.

அவன் பார்த்தான். பிறகு ஊசி ஏற்றியிருந்த கையை மெதுவாகத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டான். அழுகிறானா என்று தெரியவில்லை. சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கைக்குள்ளிருந்தே, "நல்லா நரைச்சுப் போச்சக்கா" என்றான்.

"உனக்கு மட்டும் கறுப்போ?"

கோப்பிக் கோப்பையோடு அவன் மனைவி சிவதர்சினி உள்ளே வந்து, திரையில் இதுவரை காணாத மச்சாளின் முகத்தைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். அதன் பிறகு என்னென்ன கதைத்தார்கள் என்று அமராவதிக்கு ஒழுங்காக நினைவில்லை. மாமரம் காய்த்ததோ என்று கேட்டான். பதுங்குகுழி எத்தனை மாதம் என்று கேட்டான். ஆறு என்றாள். பிறகு கன நேரம் இருவரும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருதரமும் அவன் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

வியாழக்கிழமை பகல் பதினொன்றரைக்கு அங்கே காலை எட்டு. முருங்கையடியில் ஒருவரும் இல்லை. மீனம்மா போனை நிற்பாட்டிவிட்டுக் குசினியில் இருந்தாள். நல்லதம்பி அதே வெள்ளைச் சேர்ட்டில் வந்து, கேட்காமலேயே லப்டொப்புக்கு முன்னால் கதிரையைப் போட்டார். அமராவதி மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்தாள். சில நிமிசத்துக்கு ஒருதரம் யாராவது ஒருவருடைய கை போய் மௌஸை அசைத்துவிட்டு வந்தது.

பதினொன்று ஐம்பதுக்குச் சிவதர்சினியிடமிருந்து எழுத்தில் ஒரு செய்தி வந்தது. அமராவதி அதை நல்லதம்பியின் நல்ல காதுக்கு வாசித்துக் காட்டினாள்.

"உள்ள கொண்டு போட்டினம் மச்சாள். போகேக்க உங்களுக்குச் சொல்லச் சொன்னவர், இந்தமுறை திரும்பி வருவாராம். அக்கா பயப்பிடாமல் கையெழுத்து வைக்கலாமாம்."

நல்லதம்பி தலையை ஆட்டினார். "எத்தனை மணித்தியாலம்?"

"அஞ்சு, ஆறு செல்லுமாம்."

"இருப்போம்" என்றார்.

திரை மங்கத் தொடங்கியிருந்தது. அமராவதி கையை நீட்டி மௌஸை அசைத்தாள்.